மாப்பிள்ளைக் காளை

மார்ச் 3, செவ்வாய்

மாப்பிள்ளை இன்று காலையும் முறை தவறாமல் விந்து கொடுத்தது. எங்கள் உறைவிந்து நிலையத்தில் இருக்கிற காளைகளில் அதன் தலைக்கு மேல் மட்டும்தான் மின்விசிறி ஓடுகிறது. காலுக்கு ரப்பர் விரிப்பு, குளிப்பாட்டத் தனி ஆள். மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி உபசாரம், அதனால் அந்தப் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தேன். மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வரும் பிள்ளைகள் மாதிரி முட்டிமோதிக்கொண்டு ஓட்டம். தலை சரி, வால் சரி, எண்ணிக்கை சரி, வேகம் சரி. குச்சி என்று நாங்கள் சொல்லும் மெல்லிய குழாய்களில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் இறக்கியாயிற்று.

மதியம் கூட்டம். கிழக்கு வட்டத்தில் பசுக்களுக்குச் சினை பிடிக்கவில்லை என்று புகார்மேல் புகார். இயக்குநர் — அவர் சட்டை கசங்கி யாரும் பார்த்ததில்லை, எங்களுக்குள் அவர் இஸ்திரி — மேசையைத் தட்டினார். விந்தில் குறை கிடையாதாம். ஊசி போடுகிறவன் கையில்தான் குறையாம். கிழக்கு வட்டத்தில் சினை ஊசி போடுகிறவர் யாரென்று தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை. என் புருஷன். சட்டப்படி இன்னும். எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமலிருக்கப் படாதபாடு பட்டார்கள்.

எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்ச் 5

அந்த ஆளிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். பிரிந்து வந்ததிலிருந்து நான் அக்கா வீட்டில். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மார்ச் 9

கிழக்கே தொழுவங்களில் அவரை உள்ளே விடுவதில்லையாம். கைராசி இல்லாதவர் என்று பேச்சு. வாகன ஓட்டுநர் சொன்னார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராசி. அந்த வார்த்தை எனக்குப் புதிதா? அவர் வீட்டுக் கூடத்தில், அவர் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, நான் சுவரோரம் நிற்க, அவருடைய அம்மா சொன்னது: "இவ ராசி அப்படி. கால் வச்ச வீட்டுல ஒண்ணும் தங்காது." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, மறுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பிறகு வாயைத் திறந்தார். "என் ரிப்போர்ட் கிளீன்."

கிளீன்தான். அவருக்கு ஒரே ஒரு பரிசோதனை. எண்ணிக்கை, வேகம், வடிவம், முடிந்தது. எனக்கு? கருக்குழாயில் காற்று ஊதினார்கள், வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள், ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. என்னிடமும் ஒரு குறையும் இல்லை. கடைசியில் டாக்டர் அம்மா, முட்டையையும் விந்தணுவையும் வெளியே ஒரு தட்டில் சேர்த்து என்ன நடக்கிறதென்று பார்ப்போமே என்றார். புருஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டுக்குச் செய்கிற வேலையைத் தனக்குச் செய்வதா என்று எழுந்து போய்விட்டார். தொழில் அதுதான், ஆனால் தனக்கு ஆகாது. எல்லாம் கிளீனாக இருக்கும்போது மிச்சம் இருப்பது யார்? நான்.

இப்போது அனுபவிக்கட்டும்.

மார்ச் 16

வந்தார். ஆய்வகத்துக்குள், செருப்போடு.

"இது உன் வேலைதானே?"

என்ன வேலை என்று கேட்டேன். திட்டமிட்டுக் கெட்ட குச்சிகளாகப் பார்த்து அவர் வட்டத்துக்கு அனுப்புகிறேனாம். பழிவாங்குகிறேனாம். குரல் ஏறிக்கொண்டே போனது. என் உதவியாளர் கண்ணாடிக் குப்பிகளை எண்ணுவது போல் பாவனை செய்தாள். நான் அன்றைக்குத் தயாரான குச்சி ஒன்றை உருக்கி, துளி வைத்து, அவரையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார். ஓடுகின்றன, முட்டுகின்றன, மோதுகின்றன.

"கிளீன்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. போகும்போது சொன்னார்: "உனக்குச் சந்தோஷம்னா இருந்துட்டுப் போ. ஆனா மாடு பொய் சொல்லாது."

தரையை நானே துடைத்தேன். செருப்புத் தடம்.

மார்ச் 18

மாடு பொய் சொல்லாது. சனியன் பிடித்த வாக்கியம், காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இன்று தெற்கிலும் மேற்கிலும் ஊசி போடுகிறவர்களைத் தொலைபேசியில் பிடித்தேன். சும்மா விசாரிப்பது போல. மாப்பிள்ளையின் குச்சி போட்ட இடத்தில் எல்லாம் அதே கதை. மற்ற காளைகளின் குச்சியில் குறையே இல்லை. பயத்தில் யாரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். கிழக்கில்தான் மாப்பிள்ளையின் குச்சி நிறையப் போயிருக்கிறது, அதனால் அங்கே சத்தம் அதிகம்.

அப்படியென்றால் அந்த ஆளின் கை சரி.

இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 20

இஸ்திரியிடம் போனேன். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்து வாங்கியவர் அவர். அதன் படத்தைத் தன் நாற்காலிக்குப் பின்னால் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார். பெண்டாட்டி படத்தைவிடப் பெரிது. எண்ணிக்கையைப் பாருங்க, வேகத்தைப் பாருங்க என்று எனக்கே பாடம் எடுத்தார். ஓடுவது வேறு, சேருவது வேறு என்றேன். சிரித்தார். லேப் மேடம் இப்போ தத்துவமும் பேசறாங்க என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

சிரிக்கட்டும்.

மார்ச் 26

இறைச்சிக்கூடத்திலிருந்து சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டுக் குடுவையில் கொண்டுவந்து, முட்டைகளை எடுத்து, ஒருநாள் பக்குவப்படுத்தி, இரண்டு தட்டுகளில் பிரித்தேன். ஒன்றில் வேறொரு சாதாரணக் காளையின் விந்தணு. இன்னொன்றில் மாப்பிள்ளையுடையது.

இன்று பார்த்தேன். சாதாரணக் காளையின் தட்டில் பெரும்பாலான முட்டைகள் கருத்தரித்திருந்தன. மாப்பிள்ளையின் தட்டில் — ஒன்றுகூட இல்லை. ஆனால் விந்தணுக்கள் தோற்றுப்போய் வெளியே கிடக்கவில்லை. முட்டையைச் சுற்றியிருக்கும் தடித்த உறையைத் துளைத்து உள்ளே வந்திருக்கின்றன. முட்டைக்கும் உறைக்கும் நடுவிலிருக்கிற இடுக்கில் நாலைந்து, வாலை ஆட்டிக்கொண்டு, முட்டையை உரசிக்கொண்டு நிற்கின்றன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. முட்டை அவற்றை ஏற்கவில்லை. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் ஓடி வந்து, இவ்வளவு கிட்டே வந்து. எத்தனை நேரம் குனிந்திருந்தேனோ, கழுத்து வலிக்கிறது.

மார்ச் 30

மறுபடி செய்தேன். அதேதான்.

ஏப்ரல் 2

பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் தோழி ஒரு சின்னக் குப்பி அனுப்பியிருந்தாள். விந்தணுவின் தலைமேல் இருக்கவேண்டிய ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் திரவம். விந்தணுவின் மேற்பரப்பு வழவழப்பான தோல் இல்லை. அதில் விதவிதமான புரதங்கள் பதிந்திருக்கின்றன. கருக்குழாயில் இடம் பிடிக்க ஒன்று, முட்டையின் உறையைக் கண்டுகொள்ள இன்னொன்று. முட்டையோடு இணைவதற்கு ஒரு கூட்டமே வேண்டும், அதில் ஒன்று குறைந்தாலும் நடக்காது. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு, கண்டுபிடித்தவர்கள் கல்யாண வரம் கேட்டு ஜனங்கள் போகிற ஒரு தூரதேசத்துக் கோயிலின் பெயரை வைத்திருக்கிறார்கள். படித்த காலத்தில் அழகான பெயர் என்று நினைத்தேன். கல்யாணத்தைப் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும்.

தோழி அனுப்பியது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு புரதத்துக்கு. விளக்கை அணைத்துப் பார்த்தேன். சாதாரணக் காளை: தலைக்குத் தலை பச்சைப் பொட்டு. மாப்பிள்ளை: இருட்டு. சாயம்தான் கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இருட்டுதான். பிறவியிலேயே அந்தப் புரதம் இல்லை. எண்ணிக்கையில் தெரியாது, வேகத்தில் தெரியாது, எந்த ரிப்போர்ட்டிலும் தெரியாது.

கிளீன்.

என் நினைப்பு காளையிடம் இல்லை.

ஏப்ரல் 3

இஸ்திரி படங்களைப் பார்த்தார். புரியாமலில்லை, ஆள் மடையர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு, முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார். இந்தக் காளை போனால் நிலையத்தின் பேர் போகும், தன் பேர் போகும் என்றார். காலப்போக்கில் சத்தமில்லாமல் நிறுத்திவிடலாமாம். துணை இயக்குநர் இடம் காலியாக இருப்பதை ஞாபகப்படுத்தினார். பிறகு, தேன் தடவிய குரலில்:

"அந்த ஆளு உங்களை என்ன பாடு படுத்தினான்னு இங்க எல்லாருக்கும் தெரியும் மேடம். அவனுக்காகவா இதெல்லாம்? விடுங்க. கொஞ்சம் பட்டுத் தெளியட்டும்."

எழுந்து வந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் — ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 4

அந்த ஆளுக்குப் பெண் பார்த்துவிட்டார்களாம். அக்காவின் அலுவலகத்தில் யாரோ சொன்னது. சின்னப் பெண், துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அந்தத் தகராறு தீரட்டும் என்று பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள். தீர்ந்ததும் என்னிடம் கையெழுத்து வாங்கி, விலக்கி, கல்யாணம்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ பேசாம இரு. அவன் வேலையும் போகட்டும், அந்தப் பொண்ணும் தப்பிக்கட்டும். ஒரே கல்யாணத்துல ரெண்டு புண்ணியம்."

சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் தப்பும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அவர் பேர் சுத்தமாகும். சுத்தமான பேரோடு போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்து அதே சுவரோரம் நிறுத்துவார். அப்படி நடக்க நானே வழி பண்ணிக் கொடுக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்தா?

ஏப்ரல் 6, திங்கள்

வாசலில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். காவலர் உள்ளே விடவில்லை. நான் வெளியே போனேன். கிழக்கு வட்டத்துக்காரி. ஒரே பசுதான் பிழைப்பு. எத்தனை முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை.

"பேர்பெத்த காளைன்னு சொல்லித்தானே போட்டீங்க. மலட்டு மாட்டைக் கட்டி வச்சுத் தீனி போட எனக்கு வக்கு இல்ல. வண்டியில ஏத்திட்டேன். காலையில அறுத்துடுவாங்க."

பசு மலடு இல்லை, திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். மேலே ஜன்னலில் இஸ்திரி நின்றுகொண்டிருந்தார். தெரியும், நம்புங்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க எத்தனை?"

பேச்சோடு பேச்சாகக் கேட்டதுதான், குத்திக் காட்ட அல்ல. பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 7

விடிந்ததும் இறைச்சிக்கூடத்துக்குப் போனேன். காதில் கிழக்கு வட்டத்து வில்லை, நெற்றியில் வெள்ளை. அவள் சொன்ன அடையாளம். தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சினைப்பை இரண்டையும் கேட்டு வாங்கினேன். இன்னிக்கு ஒரே மாட்டோடது போதுமா மேடம், எப்பவும் குடுவை நிறைய வாங்கற ஆளுதானே என்றான் அறுப்பவன்.

ஏப்ரல் 10

அந்தப் பசுவின் முட்டைகள் கருத்தரித்துவிட்டன. சாதாரணக் காளையின் விந்தணுவோடு, எந்தத் தயக்கமும் இல்லாமல். ஒன்று இரண்டாகப் பிரிந்தும்விட்டது. மலடாம். மலடு என்று சொல்லி அறுத்துத் தோலை உரித்துத் தொங்கவிட்டார்கள், இங்கே அவளுடைய முட்டை தட்டில் கருவாகிக்கொண்டிருக்கிறது. எவன் சொன்னான் மலடுன்னு? எவன் பாத்தான்? ஒருத்தன், ஒரே ஒருத்தன் திரும்பிக் காளையைப் பாத்தானா?

உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சத்தமாக அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில் செத்த மாடு அது. போதும்.

ஏப்ரல் 15

கிழக்கு வட்டப் புகாரை விசாரிக்கத் தலைமையகத்திலிருந்து ஒரு குழு. நான் எல்லாப் படங்களையும் வைத்தேன். இஸ்திரி கடைசிவரை காத்திருந்து, மெதுவாக, வருத்தத்தோடு சொல்வது போலச் சொன்னார்: சம்பந்தப்பட்ட பணியாளர் மேடத்தின் கணவர் என்பதைக் குழு கவனத்தில் கொள்ளவேண்டும். குடும்பப் பாசம் இயல்புதானே.

பாசம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குழுத் தலைவி என்னைப் பார்த்தார்.

"அவரைக் காப்பாத்தணும்னு எனக்கு எந்த ஆசையும் இல்லைங்க. அவர் தெருவுல நின்னாலும் திரும்பிப் பாக்கமாட்டேன். இது அவரைப் பத்தினது இல்ல. இந்தக் காளையால நல்ல மாடெல்லாம் மலடுன்னு பேர் வாங்கி அறுபட்டுப் போகுது. நான் சொல்றதை நம்பவேண்டாம். நீங்களே குச்சியை எடுத்து வெளியில குடுத்துப் பாருங்க."

அவர் அப்படியே செய்யப்போவதாகச் சொன்னார். வெளியே வரும்போது இஸ்திரி எனக்கு முன்னால் நடந்தார். சட்டையின் முதுகு முழுக்க வேர்வையில் நனைந்து ஒட்டிக்கிடந்தது.

மே 8

முடிவு வந்துவிட்டது. வெளி ஆய்வகமும் அதையே சொல்லியிருக்கிறது. மாப்பிள்ளையின் குச்சிகளை அழிக்கவேண்டும். அந்த ஆளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளவேண்டும்.

எனக்கும் ஒரு உத்தரவு: குச்சிக் கிடங்குக்கு மாற்றம். "நிர்வாக வசதிக்காக." இனி நுண்ணோக்கி கிடையாது, நைட்ரஜன் தொட்டிகளுக்கு நடுவே கம்பளிச் சட்டையும் நானும். இஸ்திரி தன் நாற்காலியிலேயே இருக்கிறார். பின்சுவரில் இப்போது ஒரு அருவிப் படம்.

சாயங்காலம் மாப்பிள்ளையை லாரியில் ஏற்றினார்கள். அடம் பிடிக்காமல் ஏறிக்கொண்டது. அதன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அது யாரையும் குறை சொன்னதில்லை.

மே 17, ஞாயிறு

வீட்டுக்கு வந்தார். அக்கா கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

நன்றி என்றார். உங்களுக்காகச் செய்யவில்லை என்றேன். குழுவில் நான் சொன்னது தனக்கும் வந்து சேர்ந்தது என்றார். நல்லது, நேரில் சொல்கிற வேலை மிச்சம் என்றேன். கல்யாணப் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டதாகவும் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். போடுகிறேன் என்றேன். போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது… அந்தக் காளைக்கு இருந்த மாதிரி, மனுஷனுக்கும் இருக்குமா?"

அக்காவின் கை கதவுப்பிடியில் அப்படியே நின்றது.

"இருக்கலாம். அபூர்வம்."

"ரிப்போர்ட்ல தெரியாதா?"

"தெரியாது. எல்லாம் கிளீனாத்தான் வரும்."

இத்தனை நாள் இந்த இடம் வந்தால் என்னென்ன சொல்லவேண்டும் என்று எனக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்:

"அப்படியே இருந்தாலும், ஒரு விந்தணுவை ஊசியால முட்டைக்குள்ள வச்சா கரு உண்டாயிடும். டாக்டர் அம்மா அங்கதான் கூட்டிட்டுப் போகப் பாத்தாங்க. தட்டு வேண்டாம்னு எழுந்து போனது நீங்க."

அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன், ஒரு பொட்டுகூட விடாமல்.

அந்தப் பச்சைத் திரவம் அனுப்பிய தோழியின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன்; மனிதர்களுக்கும் அவள் சோதித்துச் சொல்வாள். "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி போங்க. இன்னொருத்தியைச் சுவரோரம் நிக்க வைக்காதீங்க" என்றேன். வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அக்கா கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு நீ எண் வேற குடுக்கறியா என்று இரைந்தாள். அவனுக்கில்லை என்றேன்.

மே 29

தோழி கூப்பிட்டாள். "வந்தாரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக்கூடாது." நானும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜூன் 3

கிடங்கு. குளிர். கையுறையில் ஓட்டை.

ஜூன் 11, வியாழன்

கிடங்கில் இருந்தபோது தொலைபேசி. அவருடைய அம்மா. நான் அந்த வீட்டைவிட்டு வந்ததிலிருந்து ஒருநாளும் அழைத்ததில்லை. காதில் வைத்தபடியே வெளியே வெயிலுக்கு வந்தேன்.

தோழியின் சோதனையில் தெரிந்ததையெல்லாம் மகன் சொல்லிவிட்டானாம். பெண் வீட்டுக்கும் தானே போய், தன்னிடம்தான் குறை, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டானாம். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் குரல் இறங்கியது.

"நான் உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்மா."

பரவாயில்லை என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது, பழக்கம். மூடிக்கொண்டேன்.

"ஆமா" என்றேன். "சொன்னீங்க."

அந்தப் பக்கம் அழுகை. நான் தொலைபேசியை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கிறவரை வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவரே வைத்தார்.

விவாகரத்துப் பத்திரத்தில் சனிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். வக்கீலிடம் சொல்லிவிட்டேன்: காரணம் என்ற இடத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு எழுத்து இருக்கக்கூடாது. எதிர்த்தரப்பும் அதையே கேட்டிருக்கிறது என்றார்.